மில்லுக்குச் சேர்ந்த பியானோ

எங்கள் வீட்டுக்கு நாலு காம்பவுண்டு தள்ளி ஒரு இரும்பு மில். அதன் புகையை இழுக்கும் ப்ளோயர் ராத்திரி பகல் பார்க்காமல் ஒரே சுருதியில் ஊளையிடும். கல்யாணமாகி கும்மிடிப்பூண்டிக்கு வந்த முதல் வாரமே அந்தச் சுருதியை என் பியானோவில் தேடினேன். கிடைக்கவில்லை. ஒரு வெள்ளைக் கட்டைக்கும் அதற்குக் கீழே உள்ள கறுப்புக் கட்டைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு என் உயிரை வாங்கியது.

மற்றவர்களுக்கு அது வெறும் சத்தம். எனக்கு எந்தச் சத்தம் கேட்டாலும் எந்தக் கட்டை என்று சொல்லிவிடுகிற காது, பிறவியிலேயே ஒட்டிக்கொண்டு வந்த சனியன். ஊர் ஊராகப் போய் மேடையில் வாசித்த நாட்களில் அந்தக் காதுதான் எனக்குச் சோறு போட்டது. கல்யாணத்துக்குப் பிறகு கச்சேரி அழைப்புகள் குறைந்து, நின்றும் போயின. வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன்.

வேகமான பகுதிகளை எப்படியோ வாசித்துத் தள்ளிவிடுவேன். மெதுவான பகுதி வந்தால் போச்சு. ஸ்வரங்களுக்கு நடுவே மௌனம் வரவேண்டிய இடத்திலெல்லாம் ப்ளோயர் புகுந்துவிடும். எழுந்து ஜன்னலைச் சாத்துவேன். புழுக்கம் தாங்காமல் திறப்பேன். மறுபடி உட்காருவேன், எழுந்துவிடுவேன். "அசையாம உக்காரு" என்று மாணவர்களை அதட்டிக்கொண்டே நான் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருப்பேன்.

கணவருக்கு அதே மில்லில்தான் வேலை, மெயின்டெனன்ஸ் பிரிவில். ஒருநாள் அந்த ப்ளோயரை நிறுத்தச் சொல்லி அவரிடம் எரிந்து விழுந்தேன்.

"அத்த நிறுத்துனா ஷிஃப்ட்டே நின்னுடும். இப்போ இன்னா, மில்லையே ட்யூன் பண்ணச் சொல்றியா?" என்று சிரித்தார்.

மில்லை ட்யூன் பண்ண முடியாது. பியானோவைப் பண்ணலாமே!

சென்னையிலிருந்து பை நிறையச் சாமானோடு ட்யூனர் வந்தார். "மொத்தமா எறக்கணுமா? இன்னாத்துக்கு மேடம்?"

"மில்லோட சுருதிக்குச் சேரணும்."

அவர் என் கணவரைப் பார்த்தார். கணவர் கூரையைப் பார்த்தார். ஆனாலும் மனிதர் நான் சொன்னபடியே எல்லாக் கம்பிகளின் சுருதியையும் கொஞ்சம் இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் மெதுவான பகுதியை முதல்முறையாக எழுந்திருக்காமல் வாசித்து முடித்தேன். ப்ளோயர் அடியில் தம்புரா போல ஓடியது. சந்தோஷத்தில் இன்னொரு தடவையும் வாசித்தேன்.

ஒரு வருஷம் அப்படியே போனது. அப்போதுதான் சென்னையில் ஒரு அரங்கிலிருந்து கூப்பிட்டார்கள், தனிக் கச்சேரிக்கு. நன்றாக வாசித்தால் மறுபடி மேடை. சொதப்பினால் இனி ஆயுசுக்கும் பாடம் மட்டும்தான். மாதக்கணக்கில் சாதகம் செய்தேன், சமைத்துக்கொண்டே விரல்களால் அடுப்பு மேடையைத் தட்டினேன்.

கச்சேரி நாள் காலையில் ஒத்திகைக்குப் போய், அரங்கின் பியானோவில் முதல் முறை கையை வைத்ததும் திடுக்கிட்டேன். எல்லாக் கட்டையும் ஏறிக் கத்தியது.

"யாரு இத இப்டி ட்யூன் பண்ணது?" என்று சத்தம் போட்டேன்.

திரைக்குப் பின்னாலிருந்து வந்தவர் எங்கள் ட்யூனரேதான். அங்கேயும் அவர்தானாம். "மேடம், இது கரெக்டாதான் கீது. உங்க ஊட்டுதுதான் எறங்கிக் கீது. மறந்துட்டீங்களா?"

சத்தியமாக மறந்துவிட்டேன். மறுபடி உட்கார்ந்து வாசித்துப் பார்த்தேன். விரல் சரியான கட்டையில் விழும். காது, இது தப்பு என்று அலறும். அடுத்த விரல் தானாகவே கீழே நழுவும்.

"இத எறக்க முடியுமா?"

"நாளைக்கு வேற ஒருத்தர் வாசிக்கிறாங்கோ மேடம்."

மத்தியானம் முழுக்க அந்த அரங்கைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில் ஒன்றுதான் தோன்றியது. விரல்களுக்குத் தெரியும், அவை வாசிக்கட்டும். நான் கேட்கக் கூடாது.

சாயங்காலம் அப்படியே செய்தேன். கண்ணைக் கட்டைகளைவிட்டு எடுக்கவில்லை. புதிதாகக் கற்றுக்கொள்கிற குழந்தை போல மனசுக்குள் தாளத்தை எண்ணிக்கொண்டே, காதில் விழுந்ததையெல்லாம் தள்ளிவிட்டுக்கொண்டே வாசித்தேன். ஒரு விரல்கூடப் பிசகவில்லை. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அடுத்த கச்சேரிக்கும் வரவேண்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

திரும்பி வரும்போது ரயிலில் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த மெதுவா வர்ற எடம்... யப்பா, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

"எப்டி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். பொன்னேரி வருவதற்குள் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. இத்தனை வருஷம் ஏங்கிக் கிடந்த கச்சேரி. அதைக் கேட்காதவள் நான் ஒருத்திதான்.

மறுநாள் காலை ட்யூனருக்குப் போன் செய்தேன். "பழையபடி ஏத்திடுங்க."

"அப்போ மில்லு?"

"அது பாட்டுக்குக் கத்தட்டும்."

கத்துகிறது. ஒவ்வொரு மௌனத்திலும் குறுக்கே வந்து நிற்கிறது. எழுந்து நடக்கிறேன், திட்டுகிறேன், ஜன்னலைச் சாத்துகிறேன், திறக்கிறேன். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறேன். இந்தத் தடவை கச்சேரி எனக்கும் கேட்கவேண்டும்.