ஒரு மணி நேரப் பேச்சு, ஆறு மணி நேர எழுத்து

ஆவணப்படத்துக்கு எடுத்த பேட்டிகளை ஒரு சொல் விடாமல் கேட்டு எழுதித் தருவது என் தொழில். எடிட்டர் படத்தை வெட்டி ஒட்டுவது அந்த எழுத்தைப் பார்த்துத்தான். ஹெட்போன் மாட்டியே காது புண்ணான சக பாவிகளே, சிங்கப்பூர் லிட்டில் இந்தியாக் கடைக்காரர்களைப் பற்றிய ஒரே ஒரு படத்தில் நான் பட்டதைக் கேளுங்கள்.

மிக்சி

முதல் பேட்டி சாப்பாட்டுக் கடை கமலாக்காவுடையது. கடை தொடங்கிய கதையை அவர் உருக்கமாகச் சொல்லும்போதெல்லாம் பின்னால் சட்னி அரைபட்டது. ஒரே வரியை இருபது தடவை திருப்பிக் கேட்டும் பயனில்லை. ஒன்பது இடத்தில் ‘கேட்கவில்லை’ என்று எழுதி அனுப்பினேன். இயக்குநர் பிரியா உடனே போன் செய்தார்.

“அவங்க முகத்தப் பாத்தாலே என்ன சொல்றாங்கன்னு தெரியுதே லா, நீங்களே ஏதாவது எழுதிடுங்க.”

இரண்டு நிமிடம் நாற்பது விநாடி

பூக்கடை முருகையாவிடம் மனைவி இறந்ததைப் பற்றிக் கேட்டார்கள். அவர் பேசவே இல்லை. மூச்சு மட்டும் கேட்டது; ஒரு தடவை வாளியை நகர்த்தும் சத்தம். எத்தனை நேரம் மௌனம் என்பதைக் கணக்காக எழுதி, ஆங்கிலத்திலும் போட்டேன். எடிட்டர் ஜேசனுக்குத் தமிழ் தெரியாது. அவரிடமிருந்து குரல் செய்தி வந்தது.

“நத்திங் தேர், ரைட்? ஐ கட் ஆ.”

கேமரா நின்ற பிறகு

துணிக்கடை ஹமீது பாயின் பேட்டி முடிந்து கேமராவை நிறுத்திவிட்டார்கள். சட்டையில் மாட்டிய மைக் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பொங்கோலில் இருக்கும் மகள் ஏழு வருஷமாகத் தன்னோடு பேசுவதில்லை, தப்பு தன்னுடையதுதான் என்று பிரியாவிடம் சொன்னார். “இதப் படத்துல போட்டுறாதீங்கம்மா” என்றும் சொன்னார். கேட்பதை எல்லாம் எழுதவேண்டும் என்பது விதி. எழுதினேன். அந்தக் கடைசி வரியைத் தடித்த எழுத்தில் போட்டேன். மொத்தத்தையும் விட்டிருந்தால் அது மைக்கில் பதிவானதே யாருக்கும் தெரிந்திருக்காது.

கிளமெண்டியில் படத்தின் முதல் திரையிடல். கடைக் கதவு மூடும் இடத்தில், மகளைப் பற்றி அவர் சொன்னது அவர் குரலிலேயே வந்தது. அரங்கமே மூக்கை உறிஞ்சியது. வெளியே வந்ததும் பிரியா, “உங்க பேச்ச எழுதினது இவங்கதான் பாய்” என்று என்னை முன்னால் தள்ளினார். அவர் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

“வேணாம்னு நான் சொன்னது மட்டும் உங்க காதுல விழலையாம்மா?”

இன்றும் இதே வேலைதான் பார்க்கிறேன். படிவங்களில் தொழில் என்ன என்று கேட்கும் இடத்தில் மட்டும் ‘தட்டச்சு’ என்று எழுதிவிடுகிறேன்.