சார் அழித்த கோடு

இன்று பாப்பிரெட்டிப்பட்டி பஸ் பள்ளி மைதானத்தின் ஓரமாக நின்றது. பந்தயத்துக்குச் சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நெடி ஜன்னலுக்குள் வந்ததும் நான் ஏழாம் வகுப்புக்குப் போய்விட்டேன்.

எங்கள் டிரில் சார் ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுப் பள்ளிகளில் விளையாட்டு வகுப்பையே முதன்முதலில் தொடங்கியவர். அவர் மைதானத்துக்கு வந்தால் நாங்கள் மூச்சுவிடாமல் பார்ப்போம்.

மாவட்டப் போட்டிக்கு ஒரே ஒரு பெண்ணைத் தேர்வு செய்ய ஓட்டம் வைத்தார். நான்தான் முன்னால் ஓடினேன். ஆனால் முடிவுக்கோட்டுக்கு முன்னால் சட்டென்று நின்றுவிட்டேன். பின்னால் வந்த வள்ளி கடந்து போய்விட்டாள்.

"ஏம் புள்ள நின்னுட்ட?" என்றார் சார்.

நான் காலடியில் இருந்த சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தேன். வள்ளி சிரித்தாள். "கோலத்த மிதிச்சா அவங்கம்மா வெளக்கமாத்த எடுப்பாங்க சார். அந்த நெனப்புல நின்னுட்டா."

"நீ மட்டும் மிதிச்சியா?"

"ஐயோ, இல்லீங்க சார். தாண்டிக் குதிச்சேன்."

என் வாய்ப்பு போய்விட்டது என்று கண் கலங்கியது. சார் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன ஊர்ல கோடு போட்டிருக்கேன், இது எனக்குத் தோணலயே" என்றார். பிறகு வெள்ளை கேன்வாஸ் ஷூவால் அவரே அதைத் தேய்த்து அழித்தார். இரண்டு பெண்களை நூல் பிடித்து நிற்கச் சொன்னார். "மறுபடியும் ஓடுங்க" என்றார்.

நூல் என் நெஞ்சில்தான் முதலில் பட்டது.

பஸ் கிளம்பியது. முன்பின் தெரியாதவர்களிடம் நான் பேசுவதில்லை. இன்று பக்கத்துச் சீட்டுப் பெண்ணிடம் சொன்னேன்: "ஒரு நாட்டையே ஓட வெச்சவருங்க எங்க சார். எனக்காக, தான் போட்ட கோட்டத் தானே அழிச்சாருங்க."