கேட்காத காதில் சொன்னது

என் கணவர் பீரங்கிப் படையில் இருந்தவர். வலது காது சுத்தமாகக் கேட்காது. இடது காதில் கத்திச் சொன்னால்தான் கேட்கும். ஊனமுற்றோர் பென்ஷன் கேட்டுப் போட்ட கடைசி மேல்முறையீட்டின் முடிவைப் போன வாரம் தஞ்சாவூரில் எங்கள் வக்கீல் படித்துச் சொன்னார்.

"தள்ளுபடி ஆயிடுச்சும்மா. இனி அப்பீல் கிடையாது. ரிட்டயர் ஆகும்போது, காதுல எந்தக் குறையும் இல்லைன்னு இவரே கையெழுத்துப் போட்டிருக்காரு. ஏன் போட்டாருன்னு கேளுங்க."

இடது காதில் கத்திக் கேட்டேன். காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என்னையே பார்த்தார்.

"ஞாபகம் இல்லைன்னு சொல்லு."

எனக்கு ஞாபகம் இருந்தது. காதைச் சோதிக்க இன்னும் ஒரு மாதம் ராணுவ ஆஸ்பத்திரியில் இருக்கச் சொல்கிறார்கள் என்று அன்று போனில் சொன்னார். அப்போது இடது காது நன்றாகக் கேட்டது.

"வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சுங்க. நாத்து முத்துது, நடவுக்கு ஆளே கிடைக்கல. காது எங்க ஓடிப்போகுது? கேட்ட எடத்துல கையெழுத்தப் போட்டுட்டுக் கெளம்பி வாங்க" என்றேன் நான். நான்காம் நாள் வந்து வயலில் இறங்கினார்.

வக்கீலைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பட்டுக்கோட்டை பஸ்ஸில் அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தேன். "என்னாலதாங்க எல்லாம் போச்சு" என்று அந்தக் கேட்காத காதில்தான் சொன்னேன்.

உதடு அசைந்ததைப் பார்த்துவிட்டு இடது காதைத் திருப்பினார். "என்ன சொன்ன?"

"தண்ணி வேணுமான்னு கேட்டேன்" என்று கத்தினேன்.

இந்தப் பத்திரிகையை அவர் ஒரு வரி விடாமல் படிப்பார். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.