நான் இரண்டாம் முறை ஊற்றிக் கொடுத்த மருந்து

சபையோரே, என் கையாலேயே ஒரு பெண் செத்துப்போக இருந்தாள். அதை மறைக்காமல் சொல்லத்தான் இன்றைக்கு உங்கள் முன் எழுந்து நிற்கிறேன்.

பெரிய யுத்தம் முடிந்த அடுத்த வருஷம். பதுளையிலிருந்து சில மைல் தள்ளி, ஒரு தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தேன். என் கணவர் காய்ச்சலில் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த ஓர் அறைதான் எனக்கும் என் மகளுக்கும் வீடு. வேலை போனால் அந்த அறையும் போய்விடும்.

அந்த ஐப்பசி மழையில் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளில் லயம் லயமாக வயிற்றுக்கடுப்பு பரவியது. கட்டில்கள் நிறைந்து, தரையிலும் பாய் விரித்தோம். டாக்டர் பதுளையிலிருந்து வாரத்துக்கு இரண்டு தடவைதான் வருவார். மற்ற நாட்களில் நானும், பாக்கியம் என்ற உதவிக்காரியும்தான். கழுவி, துடைத்து, கஞ்சி கொடுத்து, துணி மாற்றி முடித்தால் மறுபடியும் முதல் கட்டிலிலிருந்து தொடங்க வேண்டும். ஜெபிக்க நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த நாட்களில் யார் என்ன சொன்னாலும் என் காதில் ஏறவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மாரியாயி என்ற கொழுந்து பறிக்கிற பெண், மூன்று பிள்ளைகளின் தாய், ரத்தக் கழிச்சலோடு ஐந்தாம் நாளாகக் கிடந்தாள். அவளுக்கு அபின் சேர்த்த மருந்தை டாக்டர் கலந்து வைத்திருந்தார். காலையில் ஒரு வேளை, சாயந்திரம் ஒரு வேளை. கொடுத்ததும் தலைமாட்டுப் பலகையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட வேண்டும். பார்த்தேன், அன்றைய கோடு இல்லை. மருந்தை ஊற்றினேன்.

"குடிச்சிட்டேன் தாயி," என்று முனகினாள்.

"நேத்துக் குடிச்சதச் சொல்றீங்க. வாயத் தொறங்க," என்றேன்.

குடித்துவிட்டாள்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். துணி அலசிக்கொண்டிருந்த பாக்கியம் என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, விடியக்காலம் மாரியாயி வலி தாங்காம அழுதுச்சு. நானே மருந்தக் குடுத்துட்டேன். கோடு போடத்தான் மறந்துட்டேன்."

மாரியாயியிடம் ஓடினேன். தூங்கிக்கொண்டிருந்தாள். தோளைப் பிடித்து உலுக்கினேன், எழவில்லை. இமையைத் தூக்கினேன். கருமணி ஊசிமுனைபோலச் சுருங்கியிருந்தது. உதடு நீலம். அவள் ஒரு மூச்சு விட்டு அடுத்த மூச்சு விடுவதற்குள் நான் மூன்று முறை மூச்சு விட்டேன்.

அப்போது என் மனம் எங்கே போயிற்று என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. நானும் மருந்து கொடுத்தது பாக்கியத்துக்குத் தெரியாது. மாரியாயியால் இனிப் பேச முடியாது. அந்த வாரம் கடுப்பில் பலர் இறந்திருந்தார்கள். இன்னொருத்தி இறந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

கட்டிலோரம் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, இவளைக் காப்பாற்றும். யாருக்கும் தெரியாமல் காப்பாற்றும்" என்று ஜெபித்தேன். ஆமென் சொல்ல வாய் வரவில்லை.

எழுந்து வாசலுக்கு வந்தேன். டாக்டரின் குதிரைவண்டி வந்து நின்றது. அன்று அவர் வருகிற நாளே அல்ல. ஹல்துமுல்லைக்குப் புறப்பட்டவர், வழியில் மண் சரிந்து பாதை அடைபட்டதால் திரும்பியிருக்கிறார். மழை கொஞ்சம் விடட்டும் என்று எங்கள் வாசலில் இறங்கினார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாதவர்.

"என்ன, எல்லாம் சுகம்தானே?" என்றார்.

நான் கேட்டதில் பாதியைக் கர்த்தர் கொடுத்துவிட்டார். மற்றப் பாதியைக் கொடுக்கவில்லை. டாக்டரைக் கொண்டுவந்து நிறுத்தியவர், என் வாயையும் திறக்கச் சொன்னார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன். "பரவாயில்லை ஆண்டவரே, எல்லாருக்கும் தெரியட்டும். அவள் பிழைக்கட்டும்" என்று உள்ளுக்குள் சொன்னேன். இந்தத் தடவை ஆமென் வந்தது.

"ஐயா, மாரியாயிக்கு மருந்து ரெண்டு தடவ போயிருச்சு. குடிச்சிட்டேன்னு அவ சொன்னா. நான்தான் கேக்காமக் குடுத்தேன்."

டாக்டர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினார். குழாய் போட்டு வயிற்றைக் கழுவினார். கடுங்காப்பி போட்டுவரச் சொன்னார். "நித்திரை கொள்ள விடாதீங்க. நடத்துங்க," என்றார். நானும் பாக்கியமும் ஆளுக்கொரு தோளில் அவளைத் தாங்கி வாசல் விறாந்தையில் நடத்தினோம். தலை தொங்கியது, கால் தரையில் இழுபட்டது. நின்றால் தூங்கிவிடுவாள். முகத்தில் ஈரத்துணியால் அடித்தோம். பிள்ளைகள் பேரைக் கேட்டோம். பதில் வரவில்லை.

மத்தியானம் அவள் கணவர் கருப்பையா மலையிலிருந்து நேரே வந்தார். அவரிடமும் சொன்னேன். என்னை அடித்திருந்தாலும் நான் தடுத்திருக்க மாட்டேன். அவர் மனைவியைத்தான் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப என்னங்க செய்யணும்? அதச் சொல்லுங்க," என்றார்.

"நடத்தணும்."

பாக்கியத்தை விலகச் சொல்லிவிட்டு அந்தத் தோளைத் தானே பிடித்துக்கொண்டார். நடந்தோம். நான் சத்தமாகவே ஜெபித்தேன். அவர் தன் சாமியைக் கூப்பிட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே உயிரைத்தான் கேட்டோம்.

நாலு மணி இருக்கும். மாரியாயி திடீரென்று முகத்தைச் சுளித்து, "விடுங்க, காலு வலிக்குது!" என்று சிணுங்கினாள். கருப்பையா அங்கேயே உட்கார்ந்து அழுதார். டாக்டர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிப் பயமில்லை," என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீர் சொல்லாமல் விட்டிருந்தால், நான் இதை நோயின் களைப்பு எண்டு நினைச்சிருப்பன். பின்னேரம் அதே மருந்தைத் திரும்பவும் குடுக்கச் சொல்லியிருப்பன்."

அந்த வார்த்தையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

வேலை போகவில்லை. ஆனால் மூன்று மாதம் நான் மருந்துப் போத்தலைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லி, பதுளையிலிருந்து வேறொரு நர்சை அனுப்பினார். மலச்சட்டி கழுவினேன், படுக்கைத் துணி துவைத்தேன். அந்த மூன்று மாதத்தில்தான் நான் நர்சானேன். கையில் போத்தல் இல்லாததால் ஒவ்வொரு கட்டிலிலும் உட்கார்ந்து கேட்க முடிந்தது. முனகலுக்குள்ளும் ஒரு சேதி இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். என் முனகலையும் கர்த்தர் அப்படித்தானே பொறுமையாகக் கேட்டிருக்கிறார்!

மாரியாயி வீட்டுக்குப் போகிற அன்று அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன்.

"நான் சொன்னேனே தாயி," என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். மடியிலிருந்த வெற்றிலையில் பாதியைக் கிள்ளி எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள்.

சகோதரரே, சகோதரிகளே, உங்களில் யாராவது ஒரு தப்பைக் கையில் மூடி வைத்துக்கொண்டு ஜெபிக்கிறீர்களா? கர்த்தர் உதவியை ஏற்கெனவே உங்கள் வாசலில் இறக்கியிருக்கலாம். தைரியம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், எனக்கும் அது வரவில்லை. நடுங்கிக்கொண்டே போய்ச் சொல்லுங்கள். அவர் உங்களைக் கைவிட மாட்டார்.