அமாவாசை மதியத்துப் பசி

என் வயிற்றை வெட்டிச் சின்னதாக்கிய பிறகு எனக்குப் பசி என்பதே இல்லாமல் போய்விட்டது. கொஞ்சமாவது இருக்கும் என்று நினைக்காதீர்கள். அறவே இல்லை. திண்டிவனத்தில் என் டைல்ஸ் கடைக்கு எதிரே பரோட்டாக் கல்லில் முட்டை உடையும் சத்தம் கேட்டாலே முன்பெல்லாம் கல்லாவைப் பூட்டிக்கொண்டு ஓடுவேன். இப்போது யாரோ சுவரில் ஆணி அடிப்பது மாதிரிதான் கேட்கிறது.

எல்லாம் சுகரால் வந்த வினை. மாத்திரை போய் ஊசி வந்தது, ஊசியின் அளவும் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் பாண்டிச்சேரி டாக்டர் அந்த ஆபரேஷனைச் சொன்னார். "வயித்த சின்னதாக்கி, குடலோட வேற எடத்துல சேத்துடுவோம். எடையும் கொறையும், சுகரும் கன்ட்ரோலுக்கு வரும்." நன்றாக இருக்கிற வயிற்றை எதற்கய்யா வெட்ட வேண்டும் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் என் அண்ணன் இதே சுகரில்தான் போனான். அந்தப் பயத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அண்ணன் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். காலில் புண் வந்து புரையோடி, விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். காலை எடுத்தால் ஆளைக் காப்பாற்றலாம் என்றார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் வாயில் எதுவும் படக்கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். அவன் அம்மாவிடம், "பசிக்குதும்மா, ஒரு வாய் சோறு குடும்மா" என்று கெஞ்சினான். "ஆபரேஷன் முடிஞ்சதும் துன்னலாம்டா, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று அம்மா மறுத்துவிட்டாள். தியேட்டருக்குள் கொண்டுபோகும் முன்பே அவன் மூச்சு நின்றுவிட்டது. அம்மா செய்தது சரிதான் என்று எத்தனை பேர் சொல்லியும் அவள் காதில் ஏறவில்லை. "பசியோட அனுப்பிட்டேனே பாவி" என்று இன்றைக்கும் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் புலம்புவாள்.

என் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இன்சுலின் ஊசியைத் தலையைச் சுற்றித் தூக்கிப் போட்டேன். கன்னம் ஒட்டியது, தொப்பை வடிந்தது, கழுத்தெலும்பு எட்டிப் பார்த்தது. அண்ணன் ஒல்லி, நான் குண்டு. எங்களைக் கூடப்பிறந்தவர்கள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இப்போது ஷேவ் செய்யக் கண்ணாடி முன்னால் நின்றால் அவன் நிற்கிறான். அம்மா அவனுடைய சட்டைகளைப் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். தோள்பட்டை, கழுத்து, கை நீளம் எல்லாம் கச்சிதமாக இருந்தது. "உனுக்கோசரமே தெச்ச மாதிரி இருக்குதுடா" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

எங்கள் வீட்டில் அமாவாசைக்கு அமாவாசை அண்ணனுக்குப் படையல் போடுவோம். படைத்த இலையில் கூடப்பிறந்தவன்தான் முதலில் உட்கார வேண்டும். அவன் வாய் வழியாகத்தான் போனவன் சாப்பிடுகிறான் என்பது எங்கள் வழக்கம். எனக்கோ நாலு பருக்கைக்கு மேல் சோறு நெஞ்சிலேயே நிற்கும். பாயசம்தான் வழுக்கிக்கொண்டு இறங்கும். முதல் வருஷம் டாக்டருக்குப் பயந்து அதை நாக்கில் தொட்டு வைத்ததோடு சரி. சுகர்தான் போய்விட்டதே என்ற தெனாவெட்டு வந்த பிறகு, கிண்ணத்தோடு குடிக்க ஆரம்பித்தேன்.

அப்படி ஓர் அமாவாசை மதியம் குடித்துவிட்டுக் கூடத்தில் படுத்தேன். அப்புறம் நடந்தது என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் திடீரென்று எழுந்து உட்கார்ந்தேனாம். சட்டை தொப்பலாக நனைந்து, கை கால் உதறி, கண் எங்கேயோ நிலைகுத்தியிருந்ததாம். "இன்னாங்க, இன்னா பண்ணுது?" என்று அவள் உலுக்கியிருக்கிறாள். முன்பின் தெரியாதவளைப் பார்ப்பது மாதிரி அவளைப் பார்த்தேனாம். பிறகு அம்மா பக்கம் திரும்பி, குழறிய குரலில், "பசிக்குதும்மா. சோறு குடும்மா" என்றேனாம்.

பசியே இல்லாத நான்!

அம்மா அலறவில்லை. "வந்துட்டியாடா பெரியவனே" என்று ஓடிப்போய், படையல் சோற்றில் மிச்சப் பாயசத்தை ஊற்றிப் பிசைந்து ஊட்டினாளாம். கொஞ்ச நேரத்தில் தெளிந்து, வாயெல்லாம் சோறாக, "இன்னா நடந்துச்சு?" என்று கேட்டேன். அடுத்த அமாவாசையும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. மற்ற நாளில் ஒரு தொல்லையும் இல்லை. அப்புறம் யார் சொல்லி யார் கேட்பார்கள்? பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னைக் கண்டால் ஒதுங்கி நடந்தார்கள். எனக்கே என் வாயைத் தொட்டுப் பார்க்கப் பயமாக இருந்தது. அம்மா மட்டும் அமாவாசை எப்போது வரும் என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் மனைவி கெட்டிக்காரி. அடுத்த தடவை எனக்கு உதறல் எடுத்தபோது, பரணில் கிடந்த பழைய சுகர் மெஷினை எடுத்து வந்து என் விரலைக் குத்தினாள். சுகர் பாதாளத்தில் கிடந்தது. நான் தெளிந்ததும் பாண்டிச்சேரி டாக்டரைக் கூப்பிட்டுச் சொன்னோம். அவர் போனிலேயே கத்தினார்.

"பாயசமா? சின்ன வயித்துல அது நிக்காதுங்க, நேரா குடலுக்குப் போயிடும். ஒடம்பு இன்சுலின அள்ளிக் கொட்டும். ரெண்டு மணி நேரத்துல சுகர் அடியோட படுத்துடும். அதான் வேர்வை, பொலம்பல், அகோரப் பசி எல்லாம். இப்படியே போனா ஒரு நாள் எழுந்துக்கவே மாட்டீங்க."

அம்மா ஊட்டிய இனிப்புச் சோறுதான் ஒவ்வொரு முறையும் என்னை எழுப்பியது என்றும் சொன்னார். பாயசத்தை நிறுத்தினேன். அடுத்த அமாவாசை ஒன்றும் ஆகவில்லை. "எங்கம்மா உன் பெரியவன்?" என்று நான் கிண்டல்கூடச் செய்தேன். அம்மா என் எதிரே உட்கார்ந்து, பொழுது சாயும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கடுத்த அமாவாசை. மனைவி மாடியில் துணி காயப்போடப் போயிருந்தாள். அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரு கையில் பாயசக் கிண்ணம், மறு கையில் டம்ளர் நிறைய குளுக்கோஸ் தண்ணீர்.

"இந்த ஒரு தரம் குடிடா. அவன் வந்து ரெண்டு வாய் துன்னுட்டுப் போவட்டும். ஜல்தியா இத்த குடுத்து உன்ன எழுப்பிடறேன்."

"டாக்டர் சொன்னது காதுல உழுந்துச்சா இல்லியா? செத்துடுவேம்மா!"

"உட்டுடுவேனா? நீயும் எம்புள்ளதானே." கிண்ணத்தை என் வாய்க்கு நேரே நீட்டினாள். "அவன் பசியோட வாசல்ல நின்னுக்கினு இருக்கான். நீதான் கதவ சாத்திட்ட."

பெற்றவள் பேசுகிற பேச்சா இது! கிண்ணத்தைத் தட்டிவிடலாமா என்று ஆத்திரம் வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை. கிண்ணத்தை வாங்கிக்கொண்டு பாத்ரூமுக்குள் போனேன். ஒரு சொட்டு விடாமல் ஊற்றிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து படுத்தேன். வழக்கம்போல இரண்டு மணி நேரம் போகட்டும், அண்ணனாக எழுந்து உட்கார்ந்து, "வயிறு ரொம்பிடுச்சும்மா. நான் போறேன்" என்று சொல்லிவிடலாம். அவள் பாரமும் இறங்கும், என் உயிரும் தப்பும். படுத்தபடியே அந்த வார்த்தைகளை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

எழுந்து உட்கார்ந்தேன். கையை உதறினேன். கண்ணை ஜன்னலில் நிறுத்தினேன். அம்மா டம்ளரோடு நெருங்கி வந்தாள். தலை சுற்றலில்லை, வேர்வையில்லை, புத்தி தெளிவாக இருந்தது. வாயைத் திறந்தேன்.

"பசிக்குதும்மா. சோறு குடும்மா."

சத்தியமாக நான் அதைச் சொல்லவில்லை. சொல்ல வந்தது வேறு. திரும்பவும் முயன்றேன், திரும்பவும் அதுவே வந்தது. கூடவே, அத்தனை நாளாக இல்லாத பசி அடிவயிற்றிலிருந்து புரண்டு எழுந்தது.

அம்மா அழுதுகொண்டே அடுப்படிக்கு ஓடினாள். சத்தம் கேட்டு ஓடி வந்த மனைவி, "பாயசம் குடிச்சீங்களா?" என்று கத்தியபடி என் விரலைக் குத்தினாள். மெஷினைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் மெஷினைப் பார்த்தாள்.

"நார்மல்னு காட்டுது" என்றவள், என் கையை விட்டுவிட்டுச் சுவரோரமாகத் தள்ளிப்போய் நின்றாள்.