வெட்டி எறிந்த பதினோரு வருஷம்

நூல் மில்களில் ஷிப்டுக்கு ஷிப்ட் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் ஷெட்டுக்குள்ளும் வெளியிலும் பார்த்துப் பதிவேட்டில் எழுதி வைப்பார்கள். காற்று காய்ந்தால் நூல் அறுந்துபோகும். அதனால் இதில் யாரும் ஏமாற்றுவதில்லை. கோவையில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்தும் எனக்கு அந்தப் பதிவேடுகள் கிடைத்ததும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவினாசி சாலைப் பக்கத்து மில் முதலாளி ஒருவர் தன் அறக்கட்டளை மூலம் ஆய்வுக்குப் பணமும் தந்து, முப்பது வருஷத்துக் கட்டுகளையும் திறந்துவிட்டார். "வெயில் கூடிப்போச்சு, பருவம் மாறிப்போச்சுன்னு ஆளாளுக்குப் புரளி கிளப்பறாங்க. நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லிப்போடுங்க" என்றார்.

கணக்குப் போட்டது நானல்ல, என் ஆராய்ச்சி மாணவி. அறக்கட்டளை தரும் உதவித்தொகையில்தான் அவள் படித்தாள். அவள் அம்மாவுக்கு அதே மில்லில் ஸ்பின்னிங்கில் வேலை. எட்டு மாதம் தும்மித் தும்மி அத்தனை ஏட்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். வருஷத்துக்கு வருஷம் வெப்பக் கோடு மேலே ஏறியது. சந்தேகத்துக்கே இடமில்லை.

உதவித்தொகையைப் புதுப்பிக்க வேண்டிய மாதம் அது. இருவரும் அறிக்கையோடு மில் அலுவலகத்துக்குப் போனோம். இளநீர் வந்தது. முதலாளி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். புதுப்பிக்கும் கடிதம் கையெழுத்தில்லாமல் அவர் முழங்கைக்குப் பக்கத்தில் கிடந்தது. ஏசி அறையில் எனக்கு வியர்த்தது.

"நல்லா செஞ்சிருக்கீங்க அம்மணி" என்றார் என்னிடம். "ஒண்ணே ஒண்ணுங்க. அந்தப் பழைய வருஷமெல்லாம் எதுக்குங்க? அப்ப இருந்த ஆளுக என்னத்த எழுதுனாங்களோ. புது ஷெட்டு கட்டுன வருஷத்துல இருந்து வெச்சுக்கலாமுங்களே."

புது ஷெட் கட்டியது மழை பொய்த்த வருஷம். வெயில் அப்படிக் கொளுத்தியது. அந்த உச்ச வெயிலில் இருந்து தொடங்கினால் கோடு ஏறாது, படுத்துக்கொள்ளும். இது அவருக்குத் தெரியும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

"பழைய ஏட்டுலயும் தப்பில்லீங்க மேடம். நான் சரிபார்த்துட்டனுங்க" என்றாள் மாணவி என்னிடம்.

"நீ நல்லாப் படிக்கோணும்னுதான கண்ணு நாங்க இத்தன செய்யறோம்" என்றார் அவர், அவ்வளவு வாஞ்சையாக. மிரட்டல் இத்தனை மரியாதையோடு வந்தால் எதிர்த்துப் பேச எங்கள் பக்கத்தில் யாருக்கும் பழக்கமில்லை. முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல எங்களுக்கு நாக்கு எழாது. பிறகு யாரையாவது விட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று எழுந்து வந்துவிடுவோம். எனக்கோ அப்படி எழுந்து வரவும் தைரியமில்லை. அந்தக் கடிதம் கண்ணெதிரே கிடந்தது. "அப்படியே செஞ்சுபோடலாமுங்க" என்றேன். அவர் அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில், "உனக்காகத்தான்" என்று அவளிடம் சொன்னேன். "தெரியுமுங்க மேடம்" என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி. காப்பாற்றியவளுக்கு ஒரு நன்றி கூடவா இல்லை என்று எனக்குக் கோபம் வந்தது. இப்படியும் ஒரு ஜென்மம் நான்.

அந்த வாரமே முதல் பதினோரு வருஷத்தை வெட்டினேன். பொய்யாக ஒரு எண்ணைக்கூட எழுதவில்லை, தொடக்கத்தைத்தானே நகர்த்தினேன் என்று எனக்கு நானே வக்கீலானேன். 'குறிப்பிடத்தக்க வெப்ப உயர்வு இல்லை' என்று அறிக்கை முடிந்தது. கீழே எங்கள் இருவர் பெயரும் இருந்தன.

சித்திரையில் ஒரு நாள் அவள் என் அறைக்கு வந்தாள். வெயில் மாதங்களில் இடைவேளையைக் கூட்டித் தரச் சொல்லி மில் தொழிலாளிகள் கேட்டார்களாம். முடியாது என்ற நிர்வாகம், காரணம் காட்ட எங்கள் அறிக்கையின் கடைசிப் பக்கத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டதாம்.

"இங்கிலீஷ்ல இருக்குதுங்க. அம்மாவுக்கு என் பேரு மட்டுந்தான் படிக்கத் தெரியும். 'எம்புள்ள எழுதுனது'ன்னு, கூட வேல செய்யறவங்கள எல்லாம் கூட்டிட்டுப் போயிக் காட்டியிருக்காங்க."

உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை.

"ஊட்டுக்கு வந்து, அதுல நீ என்ன கண்ணு எழுதியிருக்கறேன்னு கேட்டாங்க. அப்பறம் சொல்றேன்னுட்டு வந்துட்டனுங்க. நீங்க வந்து சொல்றீங்களா மேடம்?"