சட்டத்துக்குள் இருந்த பெண்

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரம், 1996. பழம்பொருள் சந்தை. நான் தங்கியிருக்கும் வீட்டு ராசாத்தி அக்கா, மகள் பெரியவளானபோது எடுத்த சாமத்திய வீட்டுப் படத்துக்கென்று சின்ன மரச்சட்டம் ஒன்றை வாங்குகிறார். உள்ளே இருக்கும் படத்தை உருவி என் கையில் திணிக்கிறார். கழுத்துவரை பொத்தான் பூட்டிய, போன நூற்றாண்டுப் பெண். பின்புறத்தைத் திருப்பியதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. படம் பிடித்தவரின் பெயர், கடை இருந்த தெரு, அவர் வாங்கிய பதக்கங்கள் எல்லாம் பொன்னெழுத்தில் மின்னுகின்றன. அவள் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

"இவங்க வீட்ல ஒரு பென்சில் கூடவா இல்ல?" என்று பொரிகிறேன்.

"அதுக்கேன் தம்பி என்னோட கத்துறியள்?"

"உங்க பொண்ணு படத்துலயாவது பேர் எழுதியிருக்கீங்களா?"

அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.

"ஏன் எழுதோணும்? எங்கடை பிள்ளையை எங்களுக்குத் தெரியாதோ?"